மயில்கழுத்துக்கு விழுந்த ஓட்டு

ஆரணி
3 நவம்பர் 2025

செல்விக்கு,

அபிதா எழுதுகிறேன். அபிதகுசாம்பாள் என்று முழுப்பெயரையும் எழுதினால்தான் ஞாபகம் வரும் என்றால் அப்படியே வைத்துக்கொள். என் நம்பரை நீ பிளாக் செய்து பல வருடம் ஆகிறது. போன வாரம் என் மருமகள் தீபாவின் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். மறுநாள் அவள் நம்பரிலிருந்தும் லைன் போகவில்லை. தபால்காரரை பிளாக் செய்ய உனக்கு இன்னும் வழி கிடைத்திருக்காது என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் முந்தானை விருதுக்கு நாற்பது வருடம் ஆகிவிட்டது. ஊரில் ஒவ்வொரு ஹீரோவுக்கும் மன்றம் வைத்து, கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த காலத்தில், நீயும் நானும் 1986இல் ஒரு நாற்பது பக்க நோட்டில் ‘பெண்கள் சினிமா மன்றம்’ என்று எழுதிப் பிள்ளையார் சுழி போட்டோம். வருடத்துக்கு ஒரு பட்டுப்புடவை. கனமான வேடத்தில் நடித்த கதாநாயகிக்கு மட்டும். முந்தானையில் அவள் பெயரை நெய்து கொடுப்பது. சிரிப்புப் படக் கதாநாயகிக்கும் ஒன்று கொடுக்கலாமே என்று நான் கேட்டதற்கு, “சிரிக்க வெக்கிறவளுக்கு ஊரே கைதட்டுது. அழ வெக்கிறவள நாமதான் கேக்கணும்” என்று நீ சொன்னாய். அதுவே இன்றுவரை சட்டம்.

இப்போது மன்றத்தார் விருதின் வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும் என்கிறார்கள். வரும் தை அமாவாசை, ஜனவரி பதினெட்டு, அன்றைக்கு வெளியீடு. எழுதுகிற வேலை என் தலையில். எல்லா வருடமும் எழுதியாயிற்று. 2011 மட்டும் வெற்றுப் பக்கம். ஓட்டு எண்ணியவள் கையெழுத்து இல்லாமல் முடிவு செல்லாது என்பதும் நாம் வைத்த சட்டம்தான். அந்தப் பக்கத்தில் உன் கையெழுத்து இல்லை.

வெற்றுப் பக்கத்தோடு அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று உன் பங்குக்கு எழுதி அனுப்பு. திட்டியாவது எழுது.

அபிதா

*

தெள்ளார்
12 நவம்பர் 2025

திருமதி அபிதகுசாம்பாள் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது.

2011 தை அமாவாசை அன்று நடந்தது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். எண்ணச் சொன்னீர்கள், எண்ணினேன். முடிவைச் சொன்னேன். நம்பவில்லை. ஓட்டுப் போட வைத்திருந்த என் அம்மாவின் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. வெற்றுப் பக்கம் வெற்றாகவே இருக்கட்டும்.

எனக்கு வேலை நிறைய இருக்கிறது. துணை சுகாதார நிலையத்தில் நான் ஒருத்திதான் செவிலியர். மே மாதம் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் பதிவேடுகள் அனைத்தையும் முடித்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு திருத்தம் மட்டும். மன்றத்தின் நோட்டில் முதல் பக்கம் எழுதியது 1985 டிசம்பர் மாதம். முதல் புடவை கொடுத்ததுதான் 1986. வரலாறு எழுதுகிறவர்கள் இதையாவது சரியாக எழுத வேண்டும்.

இப்படிக்கு,
மு. தமிழ்ச்செல்வி
கிராம சுகாதார செவிலியர்

*

ஆரணி
20 நவம்பர் 2025

செல்வி,

உன் திருத்தத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தால், 1985 டிசம்பர் எட்டுதான். இப்படி ஒரு ஆள் இல்லாமல் நான் வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறேன் பார்.

இதுவரை எழுதியதில் கொஞ்சம் சொல்கிறேன். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்து.

முதல் புடவை வாங்கிய சுகந்தவல்லி ஒரு கார்டு போட்டாரே, ‘புடவை கிடைத்தது, அடுத்த படத்தில் சாகிற காட்சியில் கட்டிக்கொள்கிறேன்’ என்று. அந்தக் கார்டை அட்டையில் போடுகிறோம். 1992இல் இரண்டு பேருக்குச் சமமாக ஓட்டு விழுந்தது. இரண்டு புடவைக்கு வசதி இல்லை. ஒரே புடவையில் இரண்டு பெயரையும் நெய்து, ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளும்படி நீதான் எழுதினாய். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு நடிகைகள் புடவையைக் கொடுக்கவும் வாங்கவும் போய்ப் போய் சிநேகிதமாகிவிட்டார்கள். புடவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கொரோனா வருடத்தில் எல்லோரும் போனில் படம் பார்த்து, ஓட்டை உறையில் போட்டு அனுப்பினார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஓட்டுப் போடும் முறையையும் எழுதியிருக்கிறேன். அமாவாசை அன்று தறி ஓட்டமாட்டோம், அதனால் அன்றைக்குத்தான் ஓட்டு. படத்துக்கு ஒரு நிறம். அவரவர் வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு இழையில் அந்த நிறத்தில் ஒரு சாண் அறுத்து வந்து, வருகை நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடத்தில் போட வேண்டும். தறிக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி நம்பமாட்டோம். ஆகையால் எண்ணுகிறவள் தறி இல்லாத வீட்டிலிருந்து வர வேண்டும். இருபத்தைந்து வருடம் நீதான் தனி அறையில் உட்கார்ந்து எண்ணினாய்.

இனி 2011. நாலு படம். அரக்கு, மஞ்சள், பச்சை, மயில்கழுத்து. பச்சை, ‘ஈரச்சுவர்’ படத்தில் நர்ஸாக நடித்த யாமினிப்ரியாவுக்கு. மயில்கழுத்து, ‘எதிர்வீட்டு விளக்கு’ ஹேமலேகாவுக்கு. நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் 174 பேர். நீ அறையிலிருந்து வெளியே வந்து சொன்ன கணக்கு 233. அதில் பச்சைக்கு மட்டும் 98. ஐம்பத்தொன்பது ஓட்டு எங்கிருந்து வந்தது?

நான் அன்று சொன்னதை மறக்கவில்லை. “நர்ஸ் படம்னதும் கை நீண்டுகிச்சா செல்வி” என்றேன், அத்தனை பேர் முன்னாலும். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த ஐம்பத்தொன்பதுக்கு இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத்தான் கேட்கிறேன்.

அபிதா

*

தெள்ளார்
2 டிசம்பர் 2025

அபிதகுசாம்பாள்,

‘நீங்கள்’ என்று எழுதினால் திட்ட வரவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தில் நீ.

நீ மறக்கவில்லை என்று எழுதியிருப்பது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். அதற்கு அடுத்து, “தறி இல்லாத வூட்டுக்காரிய எண்ண வுட்டதே தப்பு” என்றாய். இருபத்தைந்து வருடம் என்னை உட்கார வைத்ததற்குக் காரணமும் அதுதான், எழுப்பி அனுப்பியதற்குக் காரணமும் அதுதான். கை நீண்டது என்றதைக்கூட ஒரு மாதத்தில் மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை.

என் அம்மா கண்ணகி சேத்துப்பட்டுப் பக்கம் நடவு நட்டுக்கொண்டிருந்தவள். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆரணிக்கு வந்து நூல் முறுக்கும் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தோம். அங்கேதான் உன்னைப் பார்த்தேன். உன் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். என் கல்யாணத்துக்கு நீயே உன் தறியில் புடவை நெய்து கொடுத்தாய். அதனால் நானும் உங்களில் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த ஒரு பேச்சில் நான் எங்கே நிற்கிறேன் என்று காட்டிவிட்டாய்.

எண்ணியதைக் கேட்கிறாய். கேள். ஒன்றரை மணி நேரம் எண்ணினேன். வெளியே நீ “இன்னாடி பண்ணிகினு கீற, ஜல்தி சொல்லு” என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாய். அந்த வருடம் என்னவோ இழைகள் ஒன்றோடு ஒன்று சுற்றிக்கொண்டு கிடந்தன. நிறைய. முன்பெல்லாம் அப்படி இருந்ததில்லை. பிரசவம் பார்க்கிற கை என்னுடையது. ஒவ்வொன்றாக ஊசி முனையால் பிரித்து, ஒரு இழைகூட அறுபடாமல் நிறம்வாரியாக வைத்து எண்ணினேன். யாருடைய ஓட்டும் வீணாகக் கூடாது என்ற ஒரே நினைப்புதான். எண்ணி முடித்து, கட்டுக் கட்டாகக் காகிதத்தில் மடித்து, நூல் சுற்றி வைத்தேன். அந்தப் பொட்டலத்தை நீ தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

குடத்தில் 233 இழை இருந்தது. இருநூற்று முப்பத்து மூன்று. சாகும்போது கேட்டாலும் அதையே சொல்வேன்.

தமிழ்ச்செல்வி

*

ஆரணி
9 டிசம்பர் 2025

செல்வி,

உன் கடிதத்தில் அந்த ‘சுற்றிக்கொண்டு கிடந்தன’ என்ற இடத்துக்கு வந்ததும் கடிதத்தை வைத்துவிட்டு எழுந்தேன். பீரோவில் பழைய நோட்டுகளுக்கு அடியில் உன் பொட்டலம் அப்படியே இருந்தது. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாகப் பிரித்தேன். நாலு கட்டு. உன் எழுத்தில் நாலு சீட்டு.

அரக்கு 44, மஞ்சள் 31. பச்சை 98. மயில்கழுத்து என்று நீ சீட்டு வைத்திருந்த கட்டில் 60 இழை, எல்லாமே நீலம்.

பச்சையில் முப்பத்தொன்பது இழை நேராக இருக்கிறது. ஐம்பத்தொன்பது இழை நெளிந்திருக்கிறது, பின்னல் அவிழ்த்த தலைமயிர் மாதிரி. நீலத்திலும் ஐம்பத்தொன்பது அப்படித்தான் நெளிந்திருக்கிறது.

நேராகத் தெருவில் இறங்கி தனகோடி அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த வருஷம் ஹேமலேகாவுக்கு எந்த இழையைப் போட்டாய் என்று கேட்டேன். என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள். “ஒரு நீலம், ஒரு பச்ச, ரெண்டயும் முறுக்கிப் போட்டேன். வேற எப்புடிப் போடறது? மயில்கழுத்துன்னு தனியா நூலா கீது?” என்றாள்.

கிடையாது செல்வி. மயில்கழுத்துக்கு என்று சாயம் போடுவதே இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நீலம், குறுக்கே போகும் ஊடை பச்சை. இரண்டும் சேர்ந்து நெய்தால்தான் அந்த நிறம் வரும். தறிக்காரிகள் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் அன்று நீலமும் பச்சையும் முறுக்கித்தான் போட்டேன். போட்டவளுக்கு, உனக்கு அது தெரியாதே என்று தோன்றவில்லை. படங்களுக்கு நிறங்களைப் பிரித்துக் கொடுத்தவளும் நானே. அதற்கு முன் எந்த வருடமும் இப்படி ஒரு நிறத்தை வைத்ததில்லை.

நீ ஒரு ஓட்டும் வீணாகக் கூடாது என்று பிரித்தாய். பிரித்த பச்சை எல்லாம் யாமினிப்ரியா கணக்கில் போய்விட்டது. அந்த வருடம் ஜெயித்தது ஹேமலேகா. அறுபது ஓட்டு.

இதை உனக்கு எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். தறி இல்லாத வீட்டிலிருந்து வந்ததால் உனக்கு இது தெரியவில்லை என்று எழுதினால், அன்றைக்கு எறிந்த கல்லையே மறுபடியும் எறிகிற மாதிரி இருக்கிறது. எப்படி மாற்றி எழுதினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். தெரியாதது உன் குற்றமில்லை. தெரிந்தவர்கள் அத்தனை பேர் இருந்தும் ஒருத்தியும் சொல்லவில்லை. அதில் முதல் ஆள் நான். 233இல் 174ஐக் கழித்தேனே தவிர, மீதி ஏன் சரியாக ஐம்பத்தொன்பது என்று யோசிக்கவில்லை. கோபத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. திருடி என்றேன், தறி இல்லாதவள் என்றேன். இரண்டுக்கும் என்னை மன்னித்துவிடு. நேரில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால் கடிதத்தில் கேட்கிறேன்.

இப்போது ஒரு காரியம் ஆக வேண்டும். ஹேமலேகாவுக்குப் புடவை நெய்யப் பாவு பூட்டிவிட்டேன், நீலத்தில். ஆனால் 2011 பக்கத்தில் நீ கையெழுத்துப் போட்டால்தான் முந்தானையில் பெயரை ஏற்றுவேன். எண்ணிக்கை தப்பு என்று ஒரு வரி எழுதி, கீழே உன் கையெழுத்து. அதைக் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. நீலத்தில் ஒரே ஒரு இழை மட்டும் நெளியாமல் நேராக இருக்கிறது, ஜோடிப் பச்சை இல்லாமல். நுனியில் சின்னதாக ஒரு முடிச்சு. ஓட்டுக்கு அறுத்துவந்த இழையில் முடிச்சுக்கு என்ன வேலை? யார் போட்டார்களோ. உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

அபிதா

*

ஆரணி
29 டிசம்பர் 2025

செல்வி,

இருபது நாளாகிவிட்டது, பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார்.

ஒரு வரி கேட்டதற்குக் கோபம் என்றால், அந்த வரி வேண்டாம். கையெழுத்தும் வேண்டாம். பக்கம் வெற்றாக இருந்துவிட்டுப் போகட்டும். அச்சகத்தில் ஜனவரி பத்து வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதற்காக உன்னை அவசரப்படுத்தவில்லை. உடம்புக்கு எப்படி இருக்கிறாய் என்று மட்டும் எழுது. மழையில் அந்தப் பக்கம் காய்ச்சல் அதிகம் என்று பேப்பரில் பார்த்தேன். உனக்கு ஒன்றுமில்லையே?

அபிதா

*

தெள்ளார்
6 ஜனவரி 2026

அபிதா,

எனக்கு ஒன்றுமில்லை. காய்ச்சல் ஊருக்கு. வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு இருக்கிறதா என்று தண்ணீர்த் தொட்டிகளை எட்டிப் பார்ப்பதில் டிசம்பர் போய்விட்டது. கடிதம் பையிலேயே இருந்தது. நாலு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை என்மேலேயே சிரிப்பு வந்தது. அறுபது வயதில், அதுவும் ஆரணியில் அத்தனை வருடம் இருந்துவிட்டு, மயில்கழுத்துக்கு நூல் கிடையாது என்று தபாலில் தெரிந்துகொள்கிறேன். என் வீட்டுக்காரர் எழிலரசனிடம் சொன்னேன். “இதுக்கா பதினஞ்சு வருஷம் என்னிய அமாவாச அன்னிக்கி டிவிகூட பாக்க வுடல” என்று கேட்டார்.

மன்னிப்பு கேட்டிருக்கிறாய். சரி. எனக்கு அது வேண்டியிருந்தது. வேண்டியிருந்தது என்பது உன் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்கே தெரியவில்லை.

ஆனால் நீ கேட்ட ஒரு வரியை எழுதமாட்டேன். என் எண்ணிக்கை தப்பில்லை. குடத்தில் இருந்தது 233 இழை, அது சரி. விழுந்தது 174 ஓட்டு, அதுவும் சரி. புத்தகத்தில் இரண்டையும் போடு. ஏன் அப்படி ஆயிற்று என்று உன் பெயரில் நீ எழுது, நிறத்தைப் பிரித்துக் கொடுத்தவள் நீதானே. ஹேமலேகா ஜெயித்தார் என்று அதற்கு அடியில் நான் கையெழுத்துப் போட்டுத் தனித்தாளில் இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சகத்துக்குக் கொடுத்துவிடு. பெயரை முந்தானையில் ஏற்று.

இனி அந்த ஒற்றை நீலம்.

அது என்னுடையது.

எண்ணுகிறவளுக்கும் ஒரு ஓட்டு உண்டு என்பதை நீங்கள் யாரும் அன்று யோசிக்கவில்லை. வருகை நோட்டில் 174ஆவது கையெழுத்தைப் பார், என்னுடையதுதான். நர்ஸ் படத்துக்குக் கை நீண்டது என்றாயே, அந்தப் படத்தை எனக்குப் பிடிக்கவே இல்லை. யாமினிப்ரியா ஊசியைக் கரண்டி பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார். நான் அழுதது ஹேமலேகாவுக்கு. புருஷன் பெயரைச் சொல்லி கோர்ட்டில் அவரைக் கூப்பிட்டதும், எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தடுமாறுவாரே, அந்த இடத்தில்.

ஓட்டுப் போட எனக்கு வீட்டில் தறி இல்லை, மிஞ்சிய நூலும் இல்லை. மயில்கழுத்துக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, பெட்டியில் ஒரு மயில்கழுத்துப் புடவை இருப்பது ஞாபகம் வந்தது. நீ என் கல்யாணத்துக்கு நெய்து கொடுத்தது. அதன் முந்தானைக் குஞ்சத்தில் ஒரு இழையை மெதுவாக உருவினேன். குஞ்சம் முழுக்க நீலமாகத்தான் இருந்தது. ஓகோ, மயில்கழுத்து நூல் என்றால் இதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒன்றை வைத்துத்தான் குடத்தில் கிடந்த நீலத்தையெல்லாம் மயில்கழுத்து என்று எண்ணினேன். குஞ்சத்தில் பாவு மட்டும்தான் நிற்கும், ஊடை வராது என்று எனக்கு யார் சொன்னது? அந்த முடிச்சு, குஞ்சத்துக்கு நீ போட்ட முடிச்சு. பிடித்துப் பார், உன் கையே உனக்குச் சொல்லும்.

என் ஆள் தோற்றுவிட்டார் என்று தெரிந்தும், பச்சை 98 என்று நான்தான் வெளியே வந்து சொன்னேன் அபிதா. அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு வருத்தமாக இருந்தது தெரியுமா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் பிளாஸ்டிக் பக்கெட்டில் ஓட்டுப் போட்டீர்களாமே, கேள்விப்பட்டேன். இந்த வருடமும் ஏதாவது ஒரு படத்துக்கு மயில்கழுத்தை வை, மாற்றிவிடாதே. புடவையை எடுத்து வருகிறேன். குஞ்சத்தில் நீலம் இன்னும் இருக்கிறது. பச்சைக்கு உன் தறியில் ஒரு சாண் அறுத்து வை.

செல்வி